மெக்சிகோவில பிள்ளையளோட வேலை செய்ய எவ்வளவு ஸ்பானிஷ் வேணும்?

கிளிநொச்சி: வஹாகாவில ஆறு மாசம் ஸ்பானிஷ் படிச்சுக்கொண்டு, முன்பள்ளியில தொண்டு செய்யிற யோசனை. இஞ்சையே என்ன படிச்சுப்போட்டுப் போகலாம்? விசா எங்க எடுக்கிறது?

மாங்குளம்: கொழும்பில மெக்சிகோ தூதரகம் இல்லைத் தம்பி, புதுடெல்லிதான். "ஆறு மாசம்" எண்டு எழுதாதேங்கோ. வருகை விசாவுக்கு ஆகக்கூட 180 நாள். ஆறு மாசம் அதைத் தாண்டிப்போடும். சம்பளமில்லாத வேலையெண்டு அழைப்புக் கடிதத்தில தெளிவா இருக்கோணும்.

முல்லைத்தீவு: ஸ்பானிஷ் 'த' எங்கட 'த'தான், நாக்கு பல்லில படோணும். 'பெரோ'வில ரகரத்தை மெல்லத் தட்டினால் 'ஆனால்', உருட்டினால் நாய். 'நீங்கள் எல்லாரும்' எண்டதுக்கு ஸ்பெயினில சொல்லுற 'வொசோத்ரோஸ்' வினை வரிசையைப் பாடமாக்கி மினக்கெடாதேங்கோ, மெக்சிகோவில அதுக்கு 'உஸ்தேதெஸ்'தான். பிள்ளைக்கு 'தூ', தாய்தேப்பனுக்கு 'உஸ்தெத்'. எங்கட நீ, நீங்கள் மாதிரி. முதல்ல ஏவல் சொல்லுகளைப் பிடியுங்கோ: 'வென்' வா, 'சியென்தத்தே' இரு, 'சியென்தென்செ' எல்லாரும் இருங்கோ. இது வாயில வராட்டி வகுப்பு கைமீறிப் போயிடும்.

மாங்குளம்: பைப் தண்ணி குடிக்காதேங்கோ. 20 லீற்றர் போத்தல் வாங்கலாம், 'கராஃபோன்' எண்டு கேளுங்கோ.