சீன மாணவிக்கு நான்காவது இலக்கணப் பயிற்சிநூல் தேவையா?

பொங்கோல் ஆசிரியை:

சிங்கப்பூரில் துணைப்பாட ஆசிரியையாக இருக்கிறேன். என்னிடம் படிப்பவள் சீனாவின் ஃபுஜியன் மாகாணத்திலிருந்து எட்டு மாதங்களுக்கு முன் பெற்றோருடன் வந்த பதினான்கு வயதுப் பெண். இங்கே உயர்நிலைப் பள்ளியில் சேர ஆங்கிலத் தேர்வு எழுத வேண்டும். இன்னும் நான்கு மாதங்கள் இருக்கின்றன. மூன்று இலக்கணப் பயிற்சிநூல்களை முடித்துவிட்டாள். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் இருபதுக்குப் பதினெட்டு வாங்குகிறாள். அதே பெண் கட்டுரை எழுதினால், அம்மாவுக்கு முதல் வரியில் 'ஷி', மூன்றாவது வரியில் 'ஹீ'. நேற்றைய கதை 'வென்ட்' என்று தொடங்கி, நான்கு வரி தாண்டுவதற்குள் 'கோ' ஆகிவிடுகிறது.

கருத்தறிதல் இன்னும் கவலை. ஒவ்வொரு சொல்லுக்கும் மேலே பென்சிலால் சீன எழுத்தில் பொருள் எழுதிக்கொள்கிறாள். போன வாரம் ஒரு பத்தி கொடுத்தேன். தாத்தா ஒருவர் பழைய படகை விற்க மறுக்கிறார். வாங்க வந்தவர் விலையை உயர்த்திக்கொண்டே போகிறார். 'தாத்தா ஏன் மறுத்தார்?' என்பது கேள்வி. 'மறுத்தார்' என்ற சொல் எந்த வரியில் இருந்ததோ அந்த வரியை அப்படியே எடுத்து எழுதிவிட்டாள். கல்யாணத்தன்று பாட்டியை அந்தப் படகில்தான் அழைத்து வந்தார் என்பது இரண்டு வரி முன்னால் இருக்கிறது. அந்த வரியின் மேலும் சொல்லுக்குச் சொல் பொருள் எழுதித்தான் வைத்திருந்தாள்.

அவளுடைய அப்பா நான்காவது பயிற்சிநூலை வாங்கி வந்துவிட்டார். அதைப் பிரிக்கவே வேண்டாம் என்பது என் முடிவு. எளிய கதைப் புத்தகங்களை நிறையப் படிக்கவைத்து, படித்த பக்கத்திலிருந்தே இலக்கணத்தையும் சொல்லையும் எடுக்கப்போகிறேன். சீன மாணவர்களுக்குக் கற்பித்தவர்கள் சொல்லுங்கள்.

ஈப்போ வாத்தியார்:

செய்யாதீர்கள் டீச்சர். இருபத்தேழு ஆண்டுகள் மலேசியச் சீனப்பள்ளிகளில் ஆங்கிலம் கற்பித்தவன் சொல்கிறேன். சீனத்தில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது. ஒருமை பன்மைக்கும் மாறாது, 'ஏ', 'தி' போன்றவையும் கிடையாது. தன் மொழியில் இல்லாத ஒன்றைப் பிள்ளை தானாகக் கவனிக்காது. ஐம்பது கதை படித்தாலும் 'வாக்ட்' என்பதன் கடைசி ஒலி அதன் காதில் விழாமலே போகும். இங்கே பார், இது மாறுகிறது என்று விரல் வைத்துக் காட்ட ஒருவர் வேண்டும். அதற்குத்தான் பயிற்சிநூல்.

இன்னொன்று. இந்தப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கான சீன எழுத்துகளைத் திரும்பத் திரும்ப எழுதி மனத்தில் பதித்தவர்கள். ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதும் 'திங்சியே' அவர்களுக்குப் பழகிய பயிற்சி. அந்த உழைப்பு கையில் இருக்கும்போது அதை ஏன் ஒதுக்க வேண்டும்? நான்கு மாதங்களில் கதை படித்துக்கொண்டிருந்தால் தேர்வு முடிந்துவிடும்.

வூஹான் பழைய மாணவன்:

ஆறு ஆண்டுகள் வூஹானில் மருத்துவம் படித்தேன். விடுதிக்கு எதிரே கடை வைத்திருந்தவரின் மகனுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்ததால் அவர்களுடைய காவ்காவ், அதாவது கல்லூரி நுழைவுத் தேர்வின் தாள்களை ஓரளவு அறிவேன். ஈப்போ ஐயா சொல்லும் தனித்தனி வாக்கியப் பயிற்சியைச் சீனாவே கைவிட்டுவிட்டது. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இலக்கணப் பகுதி தேசிய வினாத்தாளிலிருந்து 2014-இல் நீங்கியது. இப்போதைய புதிய தாளில் ஆங்கிலத்துக்கு மொத்தம் 150 மதிப்பெண்: கேட்டல் 30, வாசிப்பு 50, மொழிப் பயன்பாடு 30, எழுத்து 40. இலக்கணம் என்று தனியே இருப்பது ஒரு பத்திக்குள் பத்துக் கோடிட்ட இடங்கள், 15 மதிப்பெண், அவ்வளவுதான். அதைவிடப் பெரிது, பாதியில் நிற்கும் கதையைப் படித்து இரண்டு பத்திகளில் தொடர்ந்து எழுதும் கேள்வி. அதற்கு 25 மதிப்பெண்.

படகுக் கதையில் சறுக்கிய பெண்ணுக்கு அந்தக் கேள்வியை நினைத்துப் பாருங்கள். தாத்தாவின் மனம் புரியாமல் அடுத்த பத்தியை எப்படி எழுதுவாள்?

ஈப்போ வாத்தியார்:

தம்பி, நீங்கள் சொன்ன அந்தப் பத்துக் கோடிட்ட இடங்களையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலானவற்றில் வினையோ பெயரோ ஒரு அடிச்சொல்லைக் கொடுத்து, சரியான வடிவத்தை எழுதச் சொல்கிறார்கள். வடிவங்கள் மனப்பாடமாக இல்லாத பிள்ளை அங்கே என்ன எழுதும்? உங்கள் கடைக்காரர் மகன் அந்தத் தாளுக்கு முன் எத்தனை ஆண்டுகள் தனி வாக்கியங்களை எழுதித் தள்ளியிருப்பான் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அடித்தளம் மண்ணுக்குள் இருப்பதால் அது இல்லை என்று ஆகிவிடாது.

சொல்லேர்:

சென்னையில் மொழியியல் ஆய்வு மாணவி. சீனமும் கற்றேன். அந்தப் பெண் பதினெட்டு வாங்குவதும் கட்டுரையில் தடுமாறுவதும் முரண்பாடே இல்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

பயிற்சிநூல் வாக்கியத்தைப் பாருங்கள். 'நேற்று நான் சந்தைக்கு ____'. 'நேற்று' என்ற சொல் வாக்கியத்திலேயே இருக்கிறது. சீனத்தில் காலத்தைக் காட்டுவது அந்தச் சொல்தான், வினை காட்டுவதில்லை. ஆக, அவள் சீன வழியிலேயே யோசித்து, நேற்று என்றால் 'வென்ட்' என்று பொருத்திவிடுகிறாள். விடை சரி, வழி பழையது. ஒரு முழுக் கதையில் 'நேற்று' முதல் வரியில் ஒருமுறைதான் வரும். பிறகு முப்பது வினைகளும் அந்தக் காலத்தைத் தாமே சுமக்க வேண்டும். சீனத்தில் ஒருமுறை சொன்னால் போதும், கேட்பவர் நினைவில் வைத்துக்கொள்வார். நான்காவது வரியில் அவள் 'கோ' என்று எழுதுவது கவனக்குறைவு அல்ல. அவளுடைய தாய்மொழியின் ஒழுங்கு. தனி வாக்கியங்களில் இந்தச் சிக்கல் எழவே எழாது. அவற்றை இன்னும் ஆயிரம் எழுதினாலும் எழாது.

வினைக்குப் பின்னால் வரும் 'லெ' என்ற சிறு சொல்லும் குழப்பும். அது இறந்தகாலம் என்று பலர் சொல்லிக்கொடுக்கிறார்கள். செயல் முடிந்ததைத்தான் அது காட்டுகிறது. 'நாளைக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன்' என்பதிலும் சீனர் 'லெ' போடுவார். நம்முடைய '-விட்டு' போல.

'ஹீ', 'ஷி' தடுமாற்றமும் இதே வகை. சீனத்தில் அவன், அவள், அது மூன்றுக்கும் உச்சரிப்பு ஒன்றே: 'தா'. எழுத்தில் மட்டும் வேறு. பெண்பாலுக்கென்று தனி எழுத்து பரவியதே 1920-ஐ ஒட்டிய காலத்தில்தான். அதற்கு முன்னின்றவர் கவிஞர் லியூ பன்னோங். வாயில் ஒரே ஒலியாக இருப்பதைக் கை அவசரத்தில் பிரிக்க மறந்துவிடுகிறது.

தமிழரான நமக்கு இதில் ஒரு வசதி உண்டு. 'நான் நேற்று வாங்கிய புத்தகம்' என்று விளக்கத்தை முன்னால் வைத்துப் பெயரைப் பின்னால் சொல்கிறோம். சீனரும் அப்படியே. ஆங்கிலம் தலைகீழ். 'நீ வரவில்லையா?' என்றால் வராதவர் 'ஆமாம்' என்பதும் இரு மொழிக்கும் பொது. நாம் மாத்திரை சாப்பிடுகிறோம், அவர்களும் மருந்தைச் 'சாப்பிடுகிறார்கள்'. ஆங்கிலேயர் மருந்தை 'எடுத்துக்கொள்கிறார்'. நீண்ட ஆங்கில வாக்கியத்தில் அந்தப் பெண் எங்கே தடுக்கி விழுவாள் என்பது உங்களுக்கு உள்ளிருந்தே தெரியும், டீச்சர். வினையின் காலம் மட்டும் நமக்குத் தெரியாத துன்பம், நம் வினைகள் காலத்தைச் சுமந்தே பிறப்பதால்.

ஈப்போ வாத்தியார்:

'நேற்று' பற்றிச் சொன்னது என்னை யோசிக்கவைத்தது, அம்மா. என் பழைய பயிற்சித் தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஏறக்குறைய எல்லாக் கேள்வியிலும் காலச்சொல் இருக்கிறது. நான்தான் எழுதியவை.

ஆனால் சொல்வளத்தில் நான் இறங்கி வரமாட்டேன். எளிய கதையில் எளிய சொற்களே வரும். தேர்வுத் தாளில் அப்படியா வருகிறது? நாளுக்கு முப்பது சொல், காலையில் படித்து மாலையில் எழுத வேண்டும். வேறு குறுக்குவழி இல்லை.

வூஹான் பழைய மாணவன்:

ஐயா, அந்தப் பையனிடம் அகரவரிசைச் சொற்பட்டியல் நூல் ஒன்று இருந்தது. முதல் சொல் 'அபேண்டன்', அதாவது கைவிடு. சீன மாணவர்கள் எல்லாருக்கும் அந்தச் சொல் தெரியும். ஏனென்றால் ஒவ்வொரு முறையும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கி, சில நாட்களில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது வேதனையாகத்தான் இருந்தது. இரவு பதினொரு மணிக்குக் கண் சிவந்து உட்கார்ந்திருப்பான்.

பட்டியலில் ஒரு சொல்லுக்கு எதிரே ஒரு சீனச் சொல் இருக்கும். 'கான்' என்ற சீன வினை பார்ப்பதற்கும் படிப்பதற்கும் பொது. விளைவு, 'இரவு ஒரு புத்தகத்தைப் பார்த்தேன்' என்று ஆங்கிலத்தில் எழுதுகிறான். விளக்கைப் போடு என்பதற்குச் சீனத்தில் விளக்கைத் 'திற' என்பார்கள். 'ஓபன் த லைட்' என்றே எழுதினான். இரண்டு சொல்லும் பட்டியலில் அவன் சரியாகப் படித்தவைதான்.

பொங்கோல் ஆசிரியை:

மூவருக்கும் நன்றி. சொல் விஷயத்தில் ஈப்போ ஐயாவின் கவலை நியாயமானது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 2000-இல் ஹூ, நேஷன் இருவரும் வெளியிட்ட ஆய்வின்படி, துணையில்லாமல் ஒரு கதையைப் புரிந்து படிக்க அதிலுள்ள சொற்களில் சுமார் 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும். 300 சொல் பத்தியில் தெரியாதது ஆறு. என் மாணவிக்குக் கொடுத்த படகுப் பத்தியில் நானே எண்ணினேன்: முப்பத்தொன்று. அவள் பென்சிலை எடுத்ததில் வியப்பில்லை. வாசிப்பு என்ற பெயரில் அகராதி வேலையைத்தான் கொடுத்திருக்கிறேன். அந்தத் தவறு என்னுடையது.

ஆகவே இப்படிச் செய்கிறேன். ஆறு, ஏழு புதுச் சொல் மட்டுமே உள்ள கதை. முதல் வாசிப்பில் பென்சில் கிடையாது. படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, யாருக்கு என்ன வேண்டும், ஏன் கிடைக்கவில்லை என்று அவள் எனக்குச் சொல்ல வேண்டும். சீனம் கலந்தாலும் பரவாயில்லை. பிறகு அதே பக்கத்தில் ஒரு பத்தியின் வினைகளை எல்லாம் அடிச்சொல்லாக மாற்றித் தட்டச்சு செய்து கொடுப்பேன். காலச்சொல் முதல் வரியில் மட்டும் இருக்கும். நேற்று முதல் முறையாகச் செய்தோம். பதினாறில் ஒன்பது சரி. பயிற்சிநூலில் பதினெட்டு வாங்குபவள்.

ஈப்போ ஐயாவின் 'திங்சியே'யையும் எடுத்துக்கொள்கிறேன். தனிச் சொல் வேண்டாம். நாளுக்கு ஐந்து தொடர்: கதையில் வந்த சொல்லை அதனுடன் சேர்ந்து வரும் சொற்களோடு முழுதாகச் சொல்வேன், அவள் எழுதுவாள்.

ஈப்போ வாத்தியார்:

தொடராகச் சொல்வது நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாளுக்கு ஐந்து தொடர் போதாது, பதினைந்தாவது வேண்டும். 'ஏ', 'தி' இரண்டையும் கதையை நம்பி விட்டுவிடாதீர்கள். நமக்கே அவை தாய்மொழியில் இல்லை, நாமும் விதி படித்துத்தான் தேறினோம். வாரம் ஒருநாள் அரைமணி நேரம் அதற்கென்று உட்காருங்கள். முதல் முறை சொல்லும்போது 'ஏ', இரண்டாம் முறை 'தி' என்பதிலிருந்து தொடங்குங்கள். படகையே எடுத்துக்கொள்ளலாம்.

பொங்கோல் ஆசிரியை:

அரைமணி நேரம் சரி, ஐயா. பதினைந்து தொடருக்கு அவள் கை தாங்காது, எட்டு வைக்கிறேன். அப்பாவிடமும் பேசிவிட்டேன். பதினாறுக்கு ஒன்பது என்ற தாளைக் காட்டியபோது வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்; நான்காவது நூலைத் திருப்பிக் கொடுக்கலாமா என்று கேட்டார். அலமாரியில் இருக்கட்டும் என்றேன்.

வினைகளை மாற்றிய அந்தப் பத்தியை நாளை இரவு இங்கே பதிவிடுகிறேன். உங்கள் மாணவர்களுக்கும் கொடுத்துப் பார்த்து, எந்த வரியில் காலம் நழுவுகிறது என்று எழுதுங்கள்.