மறு: லொக் – பதிவேடா, பதிகையா?

எல்லாருக்கும் வணக்கம்.

கணினியில் நடப்பதை நேரத்தோடு வரி வரியாக எழுதிவைக்கும் 'லொக்' (log) என்பதற்குத் தமிழில் என்ன சொல்வது என்ற பேச்சில் அண்ணை முன்வைத்த 'பதிவேடு' எனக்குச் சரிவரவில்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் வகுப்பு வரவு இடாப்புத்தான் கண்ணுக்குள் வருகிறது. போதாததற்கு விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியையும் பலர் பதிவேடு என்றே எழுதிவிட்டார்கள். ஒரே கையேட்டில் இரண்டும் வந்தால் படிப்பவர் பாடு திண்டாட்டம்.

லொக் என்றால் முதலில் மரக்குற்றி. கப்பலின் வேகத்தை அறியக் கயிற்றில் கட்டிய மரத்துண்டைக் கடலில் போட்டார்கள். பிற்காலத்தில் அது கால்வட்டப் பலகை. நிமிர்ந்து மிதப்பதற்காக வளைந்த விளிம்பில் ஈயம் வைத்திருப்பார்கள். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணற்கடிகாரம் ஓடி முடிவதற்குள் எத்தனை முடிச்சு கைநழுவிப் போகிறதோ, மணிக்கு அத்தனை கடல்மைல். அந்தக் கணக்கை நேரத்தோடு எழுதிவைத்த புத்தகம் லொக்புக் ஆனது.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் வரை போன ஊர் இது, ஆகவே கப்பல் வாசனையோடு ஒரு சொல் வேண்டும் என்று தம்பி ஒருவர் கேட்டிருந்தார். ஆசை நல்லதுதான். ஆனால் ஆங்கிலம் பேசுபவருக்கே இப்போது அந்தக் குற்றி நினைவில் இல்லை. நாம் ஏன் அதைச் சுமக்க வேண்டும்?

கணித லொக்கை இதற்குள் இழுக்க வேண்டாம். அது 1614இல் கணிதவியலாளர் நேப்பியர் கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கிய 'லோகரிதம்' என்ற வேறு சொல்லின் சுருக்கம்; நமக்கு மடக்கை இருக்கிறது. 1997இல் வந்த வெப்லொக் பிறகு புளொக் ஆகி, தமிழில் வலைப்பதிவாக நிலைத்தும்விட்டது.

நம் பாடசாலை அதிபர்களின் மேசையில் இருக்கும் லொக்புக்குக்கு ஏற்கெனவே 'சம்பவத் திரட்டு' என்று பெயர் உண்டு. பொருள் கச்சிதம். ஆனால் நீளம், அதோடு வலைப்பதிவுகளைச் சேர்த்துக் காட்டும் தளங்கள் 'திரட்டி' என்ற பெயரைப் பிடித்துக்கொண்டன.

வழங்கியில் (சேர்வரில்) இரவு 2.14க்கு யாரோ தவறான கடவுச்சொல்லைக் கொடுத்தார் என்று ஒரு வரி விழுகிறது. நேரம், நடந்தது, அவ்வளவுதான். அதற்குப் 'பதிகை' போதும். வருகை, செய்கை போல இயல்பாக வருகிறது. லொக் இன் என்பதற்குத் தமிழ் விக்கிப்பீடியா வைத்த 'புகுபதிகை'யால் கண்ணுக்கும் பழக்கம். வினைக்கு வெறும் 'பதி'. 'பதிகை செய்' என்று இழுக்க வேண்டாம்.

லொக் ரொட்டேஷனுக்குத்தான் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பழைய கோப்பை ஒதுக்கிப் புதியதைத் தொடங்குவதில் எதுவும் சுழல்வதில்லை, அதனால் 'பதிகைச் சுழற்சி' வேண்டாம். 'பதிகை மாற்று' எப்படி?