ஆஃப்ஷோரிங்: பெயர்ச்சியா, பெயர்ப்பா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

அவுட்சோர்சிங், ஆஃப்ஷோரிங் இரண்டுக்கும் தமிழ்ச் சொல் தேடும் இந்த இழையை முதலிலிருந்து ஒருமுறை படித்துவிட்டு எழுதுகிறேன். அவுட்சோர்சிங்குக்கு இதுவரை அயலாக்கம், புறத்திறனீட்டம், வெளியொப்படைப்பு, வெளிமுகமை என்று நான்கு சொற்கள் வந்துவிட்டன. யார் எதைச் சொன்னாலும் பாதிப் பேருக்குப் பொருந்துகிறது, மீதிப் பேருக்கு இடிக்கிறது. இரண்டு வேறு வேறு பொருள்களுக்கு நாம் ஒரே சொல்லைத் தேடிக்கொண்டிருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

1989-இல் கோடாக் நிறுவனம் தன் கணினி மையப் பணிகளை ஐபிஎம்மிடம் ஒப்படைத்தது. அவ்வளவு பெரிய நிறுவனம் தன் கணினி வேலையை வெளியாள் கையில் கொடுக்கலாமா என்று அன்றைக்கு அது பெரிய பேச்சு. ஆனால் வேலை அமெரிக்காவை விட்டு நகரவில்லை, சம்பளம் கொடுப்பவர்தான் மாறினார். இது அவுட்சோர்சிங். அதற்கு நான்கு ஆண்டு முன்பே, 1985-இல், டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூரில் தன் சொந்த மையத்தைத் திறந்தது. டெக்சாசில் உட்கார்ந்து செய்திருக்கக்கூடிய வடிவமைப்பு வேலையை, அதே நிறுவனத்தின் சம்பளத்தில், இங்கே இருப்பவர்கள் செய்தார்கள். வெளியாள் எவரும் நடுவில் இல்லை, நாடு மட்டும் வேறு. இது ஆஃப்ஷோரிங். இன்று சென்னையிலும் பெங்களூரிலும் பன்னாட்டு நிறுவனங்கள் நடத்தும் சொந்த மையங்களை ஜிசிசி என்கிறார்களே, அவை எல்லாம் இந்த இரண்டாம் வகை. அமெரிக்க மருத்துவமனையின் பில்லிங் வேலை சென்னையில் இருக்கும் இன்னொரு நிறுவனத்துக்கு வருகிறது என்றால் அங்கே இரண்டும் சேர்ந்து நடக்கின்றன. நம் ஊரில் கண்ணில் பட்டது பெரும்பாலும் இந்தக் கலவைதான் என்பதால் இரண்டையும் ஒன்றாகவே நினைத்துப் பழகிவிட்டோம்.

ஆங்கிலத்திலும் இந்தக் குழப்பம் உண்டு. 2004 பிப்ரவரியில், அமெரிக்க அதிபர் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் குழுத் தலைவராக இருந்த கிரிகரி மான்கிவ், அவுட்சோர்சிங் என்பது பன்னாட்டு வணிகத்தின் இன்னொரு வடிவம், நீண்ட நோக்கில் அமெரிக்காவுக்கு நன்மையே என்ற பொருளில் பேசினார். இரு கட்சியினரும் அவர்மேல் பாய்ந்தார்கள். அங்கே அவர் சொன்ன சொல் அவுட்சோர்சிங், மக்களுக்குக் கோபம் வந்த பொருளோ ஆஃப்ஷோரிங். கடன் வாங்கும்போது குழப்பத்தையும் சேர்த்து வாங்க வேண்டியதில்லை.

ஆகவே அவுட்சோர்சிங்குக்கு வெளியொப்படைப்பு என்பதே என் வாக்கு. வெளிமுகமை நம் அரசாணைகளிலும் செய்தித்தாள்களிலும் நன்றாக ஊன்றிவிட்ட சொல்தான், ஆனால் அது ஆள் அனுப்பும் முகமையின் பெயர், செயலின் பெயர் இல்லை. அயலாக்கத்தை ஏன் விட்டேன் என்பது கீழே புரியும். இதை இத்தோடு முடித்துக்கொள்ளலாம். எனக்குக் கவலை எல்லாம் இரண்டாவது சொல்லைப் பற்றித்தான். அதற்கு இழையில் ஒருவர் சொன்ன யோசனை இது:

> ஆஃப்ஷோரிங் = கடல்கடத்தல் அல்லது கரைகடப்பு. மூலத்தில் கரை இருக்கிறது, தமிழிலும் இருக்கட்டும்.

கடத்தல் என்றதும் தங்கக் கட்டியும் விமான நிலையமும்தான் நினைவுக்கு வரும். கரையைக் கடப்பது நம் செய்திகளில் எப்போதும் புயல். இதெல்லாம் போகட்டும், பொருளே பொருந்தவில்லை. இல்லினாய் மாநிலத்தில் கேல்ஸ்பர்க் என்ற சிற்றூரில் மேடேக் நிறுவனத்தின் குளிர்பதனப் பெட்டி ஆலை இருந்தது. 2002-இல் மூடப்போவதாக அறிவித்து, 2004 செப்டம்பரில் மூடினார்கள். ஏறத்தாழ 1,600 பேருக்கு வேலை போனது. அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சி மாநாட்டில் ஒபாமா பேசிய புகழ்பெற்ற உரையில்கூட இந்த ஆலை வருகிறது. வேலை போய்ச் சேர்ந்த இடம் மெக்சிகோவின் ரெய்னோசா. ரியோ கிராண்டே ஆற்றின் பாலத்தைத் தாண்டினால் அந்தப் பக்கம் டெக்சாஸ். இதில் கடல் எங்கே, கரை எங்கே? லாரியில் போகும் தூரம். கடல் இல்லாமலும் இது நடக்கும். நாடு மாறாமல் நடக்காது. அதனால் சொல்லின் முதல் பாதி அயல் என்று இருக்க வேண்டும். அயல்நாடு, அயலுறவு என்று எல்லோருக்கும் பழகிய சொல்.

இரண்டாம் பாதிக்கு வருகிறேன். இதைச் சொல்ல என் சொந்தக் கதை கொஞ்சம் வேண்டும்.

இருபது ஆண்டுகளுக்கு முன் சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்த புதிதில், ஓர் அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனத்தின் கோபால் (COBOL என்னும் பழைய கணினி மொழி) நிரல்களுக்கு 'கேடி' எடுக்க, அதாவது அதுவரை அவற்றைப் பார்த்துக்கொண்டவரிடம் வேலையைக் கற்றுக்கொள்ள, என்னைப் போட்டார்கள். தினமும் மாலை ஆறரைக்கு அழைப்பு. அந்தப் பக்கம் ஓர் அம்மையார், அவருக்கு அப்போதுதான் பொழுது விடிந்திருக்கும். மேசை நடுவில் ஸ்பீக்கர்போன், இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேர், கையில் நோட்டு. அந்த நிரல்களில் சிலவற்றை எழுதியவரே அவர்தான். எந்தக் கோப்பு ஞாயிற்றுக்கிழமை ஓடக் கூடாது, எந்தப் புலத்தைக் காலியாக விட்டால் மறுநாள் காலை அறிக்கை தப்பாக வரும், எந்த ஆண்டு எவர் கேட்டு எந்த வரி சேர்ந்தது என்று எந்த ஆவணத்திலும் இல்லாதவற்றை மனப்பாடமாகச் சொல்வார். நாங்கள் திரும்பச் சொல்லிக் காட்ட வேண்டும். தப்பாகச் சொன்னால் பொறுமையாகத் திருத்துவார். ஒவ்வொரு நிரலும் முடிந்ததும் எக்செல் தாளில் அதன் எதிரே பச்சை நிறம் அடிப்போம். அந்தத் தாள் முழுக்கப் பச்சையாகும் நாள்தான் அவருடைய கடைசி வேலை நாள் என்பது எங்களுக்கு இரண்டாவது வாரமே தெரிந்துவிட்டது. அவருக்கு முதல் நாளே தெரியும். கடைசி அழைப்பில், மாத முடிவில் ஓடும் ஒரு நிரலைப் பற்றி முதல் வாரமே சொல்லியிருந்த எச்சரிக்கையை மறுபடி சொன்னார். "எழுதிக்கொண்டீர்களா?" என்று கேட்டார். எழுதிக்கொண்டோம் என்றோம்.

இதற்கு என்ன சொல் போடுவது? அவர் வேலை 'போய்விட்டது' என்று அங்கே செய்தியில் சொல்வார்கள். 1992 அமெரிக்க அதிபர் தேர்தல் விவாதத்தில் சுயேச்சை வேட்பாளர் ராஸ் பெரோ, மெக்சிகோவையும் சேர்த்த நாப்டா வணிக ஒப்பந்தம் வந்தால் வேலைகள் எல்லாம் தெற்கே உறிஞ்சப்படும் ஓசை பெரிதாகக் கேட்கும் என்றார். போயிற்று என்றால் வேலை தானாகக் கிளம்பியது போல இருக்கிறது. உறிஞ்சப்பட்டது என்றால் மெக்சிகோக்காரரோ சென்னைக்காரரோ இழுத்துக்கொண்டது போல இருக்கிறது. நான் எதையும் இழுக்கவில்லை. அந்த அம்மையாரும் எதையும் அனுப்பவில்லை. எங்கள் இரண்டு பேரிடமும் கேட்காமல், செலவுக் கணக்கைப் பார்த்து, மூன்றாவது ஆள் ஒருவர் எடுத்த முடிவு அது.

தமிழில் இந்த வேறுபாட்டைக் காட்டத் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை, வினையிலேயே இருக்கிறது. பெயர்ந்தது என்பது தன்வினை, பெயர்த்தார் என்பது பிறவினை. தானாக நகர்ந்தால் பெயர்ச்சி, குருப்பெயர்ச்சி போல. ஒருவர் நகர்த்தினால் பெயர்ப்பு. செடி தானாக வளர்ந்தால் வளர்ச்சி, பிள்ளையை நாம் வளர்த்தால் வளர்ப்பு என்று சொல்கிறோமே, அதே முறைதான். ஆங்கிலச் சொல்லில் செய்தவர் யார் என்பதற்குத் தடயமே இல்லை. தமிழில் பிறவினையை எடுத்துவிட்டால், யார் பெயர்த்தார் என்ற கேள்வி தானாக எழும்.

ஆகவே என் பரிந்துரை: ஆஃப்ஷோரிங் = அயல்பெயர்ப்பு. தேவைப்படும் இடத்தில் பணிப்பெயர்ப்பு, ஆலைப்பெயர்ப்பு என்று பிரித்துக்கொள்ளலாம். கேல்ஸ்பர்க்கில் நடந்தது ஆலைப்பெயர்ப்பு, எனக்கு வந்தது பணிப்பெயர்ப்பு. முதலில் தொழில்பெயர்ப்பு என்றுதான் யோசித்தேன். புணர்த்தி எழுதினால் தொழிற்பெயர்ப்பு ஆகும், பள்ளி இலக்கணத்தின் தொழிற்பெயர் வந்து நிற்கும். விட்டுவிட்டேன். அயல்பெயர்ப்பையும் அயற்பெயர்ப்பு என்றுதானே எழுத வேண்டும் என்று இலக்கணம் அறிந்த ஐயா கேட்பார். அயல்நாடு என்பதை அயனாடு என்று நாம் எழுதுவதில்லையே ஐயா, அதே சலுகையை இதற்கும் தாருங்கள். பெயர்ப்பு என்ற சொல்லைப் பற்றி இழையில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது:

> மொழிபெயர்ப்பில் மூலம் மூலமாகவே இருக்கும். இங்கே மூலம் அழிந்துபோகிறதே?

நல்ல கேள்வி. ஆனால் பெயர்ப்பதன் பழைய பொருள் வேரோடு எடுப்பதுதான். கல்லைப் பெயர்த்தார்கள், ஆணியைப் பெயர்த்தெடுத்தான் என்னும்போது எடுத்த இடத்தில் குழிதான் மிஞ்சுகிறது. மொழிபெயர்ப்புதான் விதிவிலக்கு. குழி மிஞ்சும் பொருள் எனக்கு இங்கே வேண்டும்.

புலம்பெயர்வு என்பதை வைத்துச் சொல் ஆக்கலாம் என்ற யோசனைக்கு யாழ்ப்பாணத்து அக்கா மறுப்புச் சொல்லியிருந்தார். நான் அவர் பக்கம். போரில் வீடு வாசலை விட்டு ஓடியவர்களுக்குரிய சொல் அது. அதை இயந்திரத்துக்கும் எக்செல் தாளுக்கும் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. மூடிய ஆலை எல்லாவற்றுக்கும் இந்தச் சொல்லைப் போட்டுவிடக் கூடாது. ஒகையோவின் யங்ஸ்டவுனில் 1977 செப்டம்பர் 19, திங்கட்கிழமை, கேம்பெல் எஃகு ஆலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். ஏறத்தாழ 5,000 பேர் வேலை இழந்தார்கள். அந்த ஊரில் இன்றும் அதைக் கறுப்புத் திங்கள் என்கிறார்கள். அந்த ஆலையை எவரும் பெயர்த்து வேறு நாட்டில் வைக்கவில்லை. பழைய உலைகள், இறக்குமதி எஃகின் போட்டி, புதிதாக முதல் போடாத உரிமையாளர்கள் என்று காரணங்கள் வேறு. அது ஆலைமூடல். அமெரிக்க ஆலைத் தொழிலாளர் எண்ணிக்கை 2000-இல் ஏறத்தாழ 1.73 கோடியாக இருந்து 2010 தொடக்கத்தில் 1.15 கோடி அளவுக்கு இறங்கியது. இதற்குள் அயல்பெயர்ப்பு உண்டு, 2001 டிசம்பரில் உலக வணிக அமைப்பில் சேர்ந்த சீனாவின் பொருள்களோடு போட்டியிட முடியாமல் மூடியவை உண்டு, ஆள் குறைத்து இயந்திரம் வைத்தவை உண்டு, 2008 நெருக்கடியும் உண்டு. மொத்தத்தைச் சொல்ல ஆலைத்தொழில் தேய்வு என்ற பொதுச்சொல் போதும். கலைச்சொல் பேராசைப்பட்டு எல்லாவற்றையும் விழுங்கினால் பயன் கெட்டுவிடும்.

தேய்வு என்றேன். அமெரிக்க வல்லாதிக்க வீழ்ச்சி என்ற தலைப்பை ஒரு நண்பர் முன்மொழிந்திருந்தார். வீழ்ச்சி சரியில்லை என்பது என் கருத்து. 1960-இல் உலகின் மொத்த உற்பத்தி மதிப்பில் (ஜிடிபி) ஏறத்தாழ 40 விழுக்காடு அமெரிக்காவுடையது, இன்று கால் பங்கு அளவு. பங்கு குறைந்தது, ஆனால் அந்த நாட்டின் உற்பத்தி அதே காலத்தில் பல மடங்கு கூடியிருக்கிறது. 2010 வாக்கில் ஆலை உற்பத்தியில் சீனா முந்திவிட்டது. நாடுகள் வைத்திருக்கும் அந்நியச் செலாவணிக் கையிருப்பில் டாலரின் பங்கு 2000-இல் ஏறத்தாழ 70 விழுக்காடு, இப்போது 60-க்குக் கீழே. இருந்தும் அதற்கு அடுத்த யூரோ வெகு பின்னால் நிற்கிறது. விழுந்தது என்று இதை எப்படிச் சொல்ல? அரிவாள் தேய்கிறது, ஆனாலும் வெட்டுகிறது. ஆதிக்கத் தேய்வு என்று போடலாம்.

வெளிநாட்டுக்குப் போன வேலையைத் திரும்பக் கொண்டுவரும் ரீஷோரிங்குக்கு மீள்பெயர்ப்பு இயல்பாக வருகிறது. ஆனால் அரிசோனாவில் தைவானின் டிஎஸ்எம்சி கட்டும் சில்லு ஆலைகளை இதில் சேர்க்க முடியாது. அங்கிருந்து போன ஆலை திரும்பி வரவில்லை, வேறு நாட்டு நிறுவனம் புதிதாக வருகிறது. இதைத் தனி இழையில் பேசலாம்.

கடைசியாக ஓர் உதவி வேண்டும். மேலே கேடி என்று எழுதினேன், நாலெட்ஜ் டிரான்ஸ்பர். இதை அறிவுப் பரிமாற்றம் என்று போடுகிறார்கள். பரிமாற்றம் என்றால் இரு பக்கமும் கைமாற வேண்டும். அந்த ஆறு வாரத்தில் அவர் கொடுத்தார், நாங்கள் வாங்கிக்கொண்டோம். எங்களிடமிருந்து அவருக்கு ஒன்றும் போகவில்லை. பணிக்கையளிப்பு என்று ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன், ஆனால் அதில் பொறுப்பை ஒப்படைக்கும் பொருள்தான் தூக்கலாக இருக்கிறது, கற்றுக்கொடுத்தது வரவில்லை. யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்