புதுப்பிப்பு: குடல்வால் வெடித்த அறுவைக்குப் பிறகு விடாத காய்ச்சல், சீழை வடித்ததும் நின்றது

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. குடல்வால் வெடித்து அறுவை செய்த தம்பிக்கு, ஆன்டிபயாடிக் ஏறிக்கொண்டிருந்தும் மாலையானால் காய்ச்சல் வருகிறது, மருந்தை மாற்றச் சொல்லலாமா என்று கேட்டிருந்தேன்.

மருந்தை மாற்றும் முன் வயிற்றுக்கு சிடி ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கள் என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் சரியாக இருந்தது. இடுப்புக்குழியில், மலக்குடலுக்கு முன்னால் சீழ் கட்டியிருந்தது. மறுபடி வயிற்றைத் திறக்கவில்லை. ஸ்கேனில் பார்த்தபடியே நுனி சுருண்ட மெல்லிய பிக்டெயில் குழாய் வைத்து வடித்தார்கள். கட்டிக்குள் மருந்து போதிய அளவு போய்ச் சேராது, அதனால் வடிப்பதுதான் முதல் வேலை என்றார் டாக்டர். காய்ச்சல் படிப்படியாக இறங்கிவிட்டது. சீழில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் ஈ.கோலி என்ற குடல் பாக்டீரியா வந்தது.

எதிர்பாராத விஷயம்: சளி சளியாக அடிக்கடி போன பேதியை மருந்தின் பக்கவிளைவு என்றே வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டோம். சீழ் மலக்குடலை உறுத்தினாலும் அப்படிப் போகுமாம். வடித்ததும் நின்றது.

அப்புறம், குழாய் வைத்த நான்காம் நாளே ஆன்டிபயாடிக்கை நிறுத்தினார்கள். அம்மா பதறிவிட்டார். 2015இல் வெளியான, 518 நோயாளிகளைக் கொண்ட ஸ்டாப்-இட் ஆய்வைச் சொன்னார் டாக்டர்: தொற்றின் மூலத்தைச் சரியாக அகற்றிவிட்டால், சுமார் நான்கு நாள் மருந்து தந்தாலும், அதைவிட நீட்டித்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ரத்தத்திலும் கிருமி இருந்தால் கணக்கு வேறு, எனவே நீங்களாக நிறுத்தாதீர்கள். குழாயை மட்டும் வடிவது நன்றாகக் குறைந்த பிறகே எடுத்தார்கள்; அதுவரை அடைக்காமல் இருக்க சலைன் விட்டுக் கழுவினார்கள்.