மறு: கெர்னல் வழு விவரிப்பில் 'அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் ரீட்': தமிழில் எது பொருந்தும்?

நண்பர்களுக்கு வணக்கம்.

ஒதுக்கிய இடத்தைத் தாண்டி நினைவகத்தை வாசிப்பதைக் குறிக்கும் 'அவுட் ஆஃப் பவுண்ட்ஸ் ரீட்' என்பதற்கு வந்த 'அத்துமீறிய வாசிப்பு' என்ற பரிந்துரையை என்னால் ஏற்க முடியவில்லை. அத்துமீறல் என்றாலே வெளியாள் ஒருவர் வேண்டுமென்றே நுழைந்ததாகப் பொருள்படும். நாம் விவரிக்கும் வழுவில் வரம்பைத் தாண்டுவது இயங்குதளத்தின் மையநிரலான கெர்னலேதான்.

சர்வரின் நினைவகச் சில்லில் பழுது நேர்ந்தால், பல இயந்திரங்களில் அதை முதலில் அறிவது நிலைபொருள், அதாவது வன்பொருளோடு சேர்ந்தே வரும் அடிப்படை நிரல் (ஃபர்ம்வேர்). அது வன்பொருள் பிழைகளைக் குறிப்பதற்கான சி.பி.இ.ஆர். என்ற பொது வடிவில் ஒரு பிழைப்பதிவை எழுதிவைத்துவிட்டு லினக்ஸ் கெர்னலுக்குச் சொல்லும். பதிவின் ஒவ்வொரு பகுதியும் தன் நீளத்தைத் தானே அறிவிக்கும். பதிவுக்கு ஒதுக்கிய இடம் 512 பைட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பகுதியோ தன் நீளம் 4096 என்கிறது. சரிபார்க்காமல் கெர்னல் அந்த எண்ணை நம்பினால், ஒதுக்கிய இடம் முடிந்த பிறகும் வாசித்துக்கொண்டே போகும். தனக்குத் தெரியாத வகைப் பகுதிகளை அது பதினறும எண்களாகக் கணினியின் நிகழ்வுப் பதிவேட்டில் (லாக்) அச்சிடும் என்பதால், பக்கத்து நினைவகத்தில் இருந்தவையும் அங்கே வந்து விழும். அணுகக்கூடாத நினைவகப் பகுதியைத் தொட்டுவிட்டால் இயந்திரமே நின்றுபோகலாம். பழுதைச் சமாளிக்க எழுதிய நிரலே இப்படிச் செய்வதால்தான் இதைச் சிறிய வழுவென்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே என் பரிந்துரை 'வரம்புகடந்த வாசிப்பு'. யார் மீதும் உள்நோக்கம் கற்பிக்காமல் நடந்ததை மட்டும் சொல்கிறது. இதைத் தடுக்கும் 'வரம்புச் சோதனை'யோடும் இயல்பாக இணைகிறது. 'வழிதல்' (ஓவர்ஃப்ளோ) என்பதை இங்கே கலக்க வேண்டாம். அது தரவைத் தற்காலிகமாக வைக்கும் இடையகத்தில் (பஃபர்) கொள்ளளவுக்கு மேல் எழுதும்போது நேர்வது.

எழுதும் வழுவுக்கு 'வரம்புகடந்த எழுத்து' என்றால் படிப்பவர் அகரவரிசையை நினைப்பார். 'எழுதுகை' எனலாம்.

இன்னொன்று: நம் வழு விவரிப்பின் வரைவில் உள்ள 'நிலைபொருள் பிழைக் கையாளல்' என்ற தொடர் தவறான பொருள் தருகிறது. பிழை நிலைபொருளில் இருப்பதாகத்தான் யாரும் படிப்பார்கள். பிழை வன்பொருளுடையது, நிலைபொருள் அதை அறிவிக்கிறது, அவ்வளவே. 'நிலைபொருள் அறிவிக்கும் பிழைகளைக் கையாளல்' என்று எழுதினால் நீளம்தான், ஆனால் குழப்பமில்லை. இதைவிடச் சுருக்கமாக யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள்; அதுவரை வரைவில் இந்த நீண்ட வடிவமே இருக்கட்டும்.