அப்பாவின் எக்ஸ்பி கம்ப்யூட்டர்: நீலத்திரை, மறந்துபோன பாஸ்வேர்டு

கடைக்குட்டி:
வணக்கம். அப்பாவுக்கு 79 வயது. எங்கள் குடும்பக் கதையைப் பல வருஷமாக ஒரு விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார். வேறு பிரதி கிடையாது. போன மாதம் பாஸ்வேர்டு கேட்கும் திரை வரைக்கும் வந்தது. அப்பாவுக்குத்தான் பாஸ்வேர்டு நினைவில்லை. பதினைந்து முறையாவது அடித்துப் பார்த்து ஓய்ந்துவிட்டார்.

போன வாரம் மேசையை நகர்த்த பிளக்கைப் பிடுங்கினேன். இரண்டு நாள் கழித்துச் செருகினால், கறுப்புத் திரையில் "சிமாஸ் செக்சம் எரர்" என்று வருகிறது. தேதி 2002 என்று காட்டுகிறது. எஃப்1 அழுத்தினால் விண்டோஸ் படம் வந்து, நீலத்திரை ஒரு கணம் மின்னி, மறுபடி முதலிலிருந்து. மொபைலில் வீடியோ எடுத்து நிறுத்திப் பார்த்தேன்: 7பி என்று முடியும் எண். ரிப்பேர் செய்பவர் ஃபார்மட்தான் வழி என்கிறார். எனக்கு மனசு வரவில்லை. "திறந்துச்சாம்மா?" என்று அப்பா தினமும் கேட்கிறார்.

பழம்பெட்டி:
ஃபார்மட் செய்ய விடாதீர்கள் சகோதரி. ஹார்டு டிஸ்க் நன்றாகவே இருக்கலாம். மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். அது எப்போதோ தீர்ந்திருக்கும். பிளக் செருகியிருந்தவரை அந்த மின்சாரத்திலேயே, சிமாஸ் என்கிற சின்ன நினைவகத்தில் இருக்கும் கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்ஸ் பிழைத்துக் கிடந்தன. நீங்கள் பிடுங்கியதும் எல்லாம் அழிந்துவிட்டன, தேதி உட்பட.

நீலத்திரையும் அதன் தொடர்ச்சிதான் என்று நினைக்கிறேன். செட்டிங்ஸ் அழிந்தபோது சாட்டா மோடு, அதாவது மதர்போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை, பழைய ஐடிஇ-யிலிருந்து புதிய ஏஹெச்சிஐ-க்கு மாறியிருக்கும். எக்ஸ்பி-யில் அதற்கான டிரைவர் (அந்த முறையைப் புரிந்துகொள்ள உதவும் மென்பொருள்) கூடவே வருவதில்லை. தன் டிஸ்க்கையே அதற்குப் பார்க்கத் தெரியாமல் 7பி காட்டும். பிளக்கை எடுத்துவிட்டுப் பேட்டரியை மாற்றுங்கள். பிறகு ஆன் செய்ததும் டெலிட் அல்லது எஃப்2 தட்டி பயாஸுக்குள் (அந்த செட்டிங்ஸை மாற்றும் திரை) போய், தேதியைச் சரிசெய்து, சாட்டா மோடை ஐடிஇ ஆக்குங்கள்.

நூல்கண்டு:
அதற்கும் முன்னால் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். டிஸ்க்கைக் கழற்றி சாட்டா-யுஎஸ்பி அடாப்டரில் மாட்டி, லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இயங்குதளம்) ஓடும் கம்ப்யூட்டரில் திறந்தால் போதும். விண்டோஸ் பாஸ்வேர்டு வாசற்பூட்டு மாதிரி, டிஸ்க்கில் இருப்பதை அது மறைப்பதில்லை. டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ் ஃபோல்டரில் அப்பாவின் பெயரில் எல்லாம் இருக்கும். விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் ஃபோல்டரையும் விடாதீர்கள். யூனிகோடுக்கு (இன்று எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை) முந்தைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாமல் ஒரு வரி படிக்க முடியாது.

பாஸ்வேர்டை அழிக்கும் சிடி எதையும் போடாதீர்கள். என்க்ரிப்ட் செய்த கோப்பு, அதாவது அவர் பாஸ்வேர்டோடு பிணைத்துப் பூட்டியது, ஒன்று இருந்தாலும் அது அப்படியே போய்விடும். உண்மையான பாஸ்வேர்டு வேண்டும். அந்தத் திரையில் பாஸ்வேர்டு கட்டத்துக்குப் பக்கத்தில் கேள்விக்குறி இருந்ததா? அதைச் சொடுக்கினால், அப்பா முன்பு எழுதி வைத்த குறிப்பு வரும்.

கடைக்குட்டி:
பிரதி எடுத்துவிட்டேன். புதுக் கம்ப்யூட்டரில் வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது, வயிறு கலங்கிப்போனது. எழுத்துருவை நிறுவியதும் பாட்டியின் பெயர் தமிழில் வந்து நின்றது. ஆனால் இரண்டு கோப்புகள் மட்டும் காப்பி ஆகவே இல்லை.

பேட்டரி மாற்றி, ஐடிஇ ஆக்கினேன். நீலத்திரை போய்விட்டது. கேள்விக்குறியும் இருந்தது! "முதல் ஸ்கூட்டர்" என்று குறிப்பு. நேற்றுச் சாப்பிட்டதா என்று கேட்டால் தடுமாறும் அப்பா, அந்த வண்டி எண்ணை மூச்சு விடாமல் சொன்னார். திறந்துவிட்டது. காப்பி ஆகாத இரண்டும் உள்ளே பச்சை எழுத்தில் இருக்கின்றன. அம்மாவைப் பற்றி எழுதியது என்கிறார்.

நூல்கண்டு:
பச்சை என்றால் என்க்ரிப்ட் ஆனவை. இப்போது அவர் பாஸ்வேர்டிலேயே உள்ளே இருப்பதால் திறக்கும். ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு. அங்கே என்க்ரிப்ட் டிக்கை எடுத்துவிட்டு, பென்டிரைவில் காப்பி செய்யுங்கள். இன்றைக்கே.

பழம்பெட்டி:
அப்பா அதிலேயே எழுதட்டும், ஆனால் இன்டர்நெட் ஒயரை மாட்ட வேண்டாம். எக்ஸ்பி-க்கான ஆதரவு, அதாவது பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது, 2014 ஏப்ரல் 8-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது.

கடைக்குட்டி:
ஒயரை எடுத்துவிட்டேன். இரண்டு கோப்புகளும் பென்டிரைவில் வந்துவிட்டன. அப்பா தட்டச்சு செய்கிற சத்தம் கேட்கிறது.