"மீனாணோ?" என்று கேட்ட சார்

குழித்துறைக்காரி:
தினமும் திருவனந்தபுரத்துக்கு ரயில். காலையில் சமைக்கப் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது. அதனால்தான் அந்தக் கொன்ஜாக் கிழங்கு மாவு நூடுல்ஸ் வாங்கினேன், 100 கிராமுக்குச் சுமார் 10 கலோரி என்பார்களே, அதுதான். பாக்கெட்டை வெட்டித் தண்ணீரை வடித்து, கேரட் பீன்ஸோடு ஒரு பிரட்டு பிரட்டி டப்பாவில் அடைத்துக்கொண்டு ஓடினேன். கார்த்திகை மாதம், பக்கத்து மேஜை சார் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். நான் மூடியைத் திறந்ததும் சோறு பிசைந்த அவர் கை அப்படியே நின்றது. "மீனாணோ?" என்றார். நான் பதில் சொல்வதற்குள் இலைப்பொதியை மெதுவாக மடித்து எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டார். இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம்.

பாறசாலை மாமா:
கழுவாமல் சமைத்தால் அப்படித்தான் மக்ளே. அது மீன் இல்லை, சுண்ணாம்புத் தண்ணீர் வாடை. நம்ம சேனைக்குப் பங்காளிக் கிழங்கு அது. மாவை இறுக வைக்கச் சுண்ணாம்பு சேர்ப்பார்கள். வடித்துவிட்டுக் குழாயடியில் நன்றாக அலசணும். கொதிநீரில் இரண்டு மூன்று நிமிடம். அப்புறம் எண்ணெய் விடாமல் வெறும் சட்டியில், கீச்கீச்சென்று சத்தம் வரும்வரை வறுக்கணும். ஈரம் போனால்தான் மசாலா கொஞ்சமாவது ஒட்டும். ராத்திரியே செய்து ஃபிரிட்ஜில் வைக்கலாம், ஃப்ரீசரில் வைத்தால் ரப்பர்தான். வெறும் தண்ணீரும் நாரும் என்பதால் முட்டையோ அவித்த கடலையோ சேர்க்காவிட்டால் மூன்று மணிக்கே பசிக்கும். சுகர் மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். என் அனுபவம்: பையனுக்குக் கொடுத்துவிட்டேன், அப்படியே திரும்பி வந்தது.

வாளையார் தாண்டி:
அண்ணே, அவங்க சமையல் குறிப்பா கேட்டாங்க? நான் கோவையிலிருந்து பாலக்காடு போகிறவள். நீங்கள் சொன்ன கழுவல், வறுவல் எல்லாம் செய்து, எலுமிச்சை சேவை மாதிரி தாளித்தும் கொண்டுபோனேன். வாடையே இல்லை. கூடச் சாப்பிடும் சேச்சி சேவை என்று நம்பி ஒரு வாய் எடுத்தார். மென்றார். நான் சாப்பிட்டு முடித்து டப்பா கழுவி வந்தேன், இன்னும் மென்றுகொண்டிருந்தார். மறுநாள் எனக்கும் சேர்த்து ஒரு பொதிச்சோறு கட்டி வந்திருந்தார். வீட்டில் ஏதோ கஷ்டம் என்று நினைத்துவிட்டார் போல.

குழித்துறைக்காரி:
மாமா, வறுத்தேன், கீச்சென்றது, வாடை போய்விட்டது. சார் மலைக்குப் போய்வந்து மாலையும் கழற்றியாச்சு. இன்னும் வராந்தாவில்தான் சாப்பிடுகிறார்.